பாட்ட மொத்தமா எழுதிக் குடுக்கவா, நாமளே போடவா? குமரி மாவட்டத்து பாட்டுக்காரங்களுக்கு ஒரு ஒப்பீடு

நம்ம மாவட்டத்துல பாட்டுக்கு பஞ்சமே கிடையாது. டிசம்பர் வந்தா சபைக்கு ஒரு கிறிஸ்மஸ் பாட்டு, மாசி வந்தா மண்டைக்காட்டு அம்மன் பேர்ல ஒண்ணு, கோயில் கொடைத் திருவிழா சீசன்ல சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் ஒண்ணு, இது போக கரோல் ரவுண்ட்ஸ் போற பயலுவ ஆளாளுக்கு ஒரு மெட்டு வச்சிருப்பானுவ. மார்த்தாண்டம் தக்கலை நாகர்கோவில்னு வீட்டு மாடியில முட்டைத் தட்டு ஒட்டி ஸ்டுடியோ வச்சிருக்கவங்க ஏராளம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு கீபோர்டு, அவ்வளவுதான், எட்டு பாட்டு ஆல்பம் ரெடி ஆயிரும். சிக்கல் அதுக்கப்புறம்தான். பக்திப் பாட்டு கம்பெனியில இருந்து ஒரு போன் வரும், எட்டையும் எங்களுக்கே குடுத்துருங்க, ஒரு தொகை மொத்தமா தாறோம், அக்ரிமென்ட்ல ஒரு கையெழுத்து போட்டா போதும்னு. உடனே டீம் ரெண்டா பிரிஞ்சிரும். பாதி பேரு கையில கிட்டுற பைசாவ விடாண்டாம்னு சொல்லுவாங்க, மீதி பேரு யூடியூப்ல நாமளே போட்டா காலத்துக்கும் வரும்லானு சொல்லுவாங்க.

ரெண்டு தரப்பும் தொகைய பத்தியே சண்டை போடுறதுதான் எனக்கு புரியாத விஷயம். எவ்வளவு கிட்டும்ங்கிறது ரெண்டாவது கேள்வி. என்னத்த குடுக்குறோம்ங்கிறதுதான் முதல் கேள்வி, ஏன்னா நாம "பாட்டு"ன்னு ஒத்தையா சொல்லுற சாதனம் சட்டத்துக்கு ஒண்ணு கிடையாது, அது மூணு.

எழுதின வரி ஒரு சொத்து. போட்ட மெட்டு இன்னொரு சொத்து. ஸ்டுடியோவுல பதிவு பண்ணி மிக்ஸிங் மாஸ்டரிங் முடிச்சு கையில வர்ற அந்த ரெக்கார்டிங் மூணாவது சொத்து. மூணுக்கும் மூணு முதலாளி இருக்கலாம். வரி, அத எழுதினவருக்கு சொந்தம்; மெட்டு, அத போட்டவருக்கு; ரெக்கார்டிங், அதுக்கு முன்னின்னு பொறுப்பெடுத்து பைசா போட்டவருக்கு. வரிக்கும் மெட்டுக்கும் ஆயுசு ஆள் உயிரோட இருக்குற வரைக்கும், அவர் போன பிறகு இன்னும் 60 வருஷம். ரெக்கார்டிங்குக்கு வெளியான அடுத்த வருஷத்துல இருந்து 60. பாடினவருக்கும் வாசிச்சவருக்கும் கலைஞர் உரிமைனு தனியா ஒண்ணு இருக்கு, அது 50 வருஷம்.

நம்ம தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளைய எடுத்துக்கிடுங்க. அவர் 1954ல காலமானார், 60 வருஷக் கணக்கு 2014 டிசம்பரோட முடிஞ்சுது. இப்ப அவர் கவிதைக்கு நீங்க புது மெட்டு போட்டா யார்கிட்டயும் கேக்காண்டாம், வரி பொதுச் சொத்து, மெட்டு உங்களுக்க சொத்து. ஆனா அதே கவிதைய இன்னொருத்தர் மெட்டு போட்டு பாடி வச்சிருந்தா அந்த மெட்டும் அந்த ரெக்கார்டிங்கும் அவருக்குள்ளது, அத எடுத்து போட முடியாது. வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளும் இப்படித்தான், அவர் 1864லயே போயிட்டார், வரிகள ஆரு வேணும்னாலும் பாடலாம். கண்ணதாசன் வரிகளுக்கு 2041 முடிய காத்திருக்கணும்.

இந்த மூணு சொத்து கணக்க மனசுல வச்சிக்கிட்டு வழிகள பாப்போம்.

முதல் வழி, மொத்தமா எழுதிக் குடுக்குறது. நம்ம பக்கத்துல இன்னைக்கும் அதிகமா நடக்குறது இதுதான், கேசட் காலத்துப் பழக்கம். 100 ரூவா பத்திரத்துல ரெண்டு மூணு பக்கம் டைப் அடிச்சு வரும், படிக்கவே பொறுமை இருக்காது, ஆனா உள்ள ஒரு வாக்கியம் கண்டிப்பா இருக்கும். மேற்படி பாடல்களின் இலக்கிய, இசை, ஒலிப்பதிவு உரிமைகள் அனைத்தையும் உலகம் முழுமைக்கும் நிரந்தரமாக, தற்போதுள்ள மற்றும் இனி வரவிருக்கும் எல்லா ஊடகங்களுக்கும் சேர்த்து, அப்படி இப்படினு போகும். இதுல "இலக்கிய, இசை" அப்படிங்கிற ரெண்டு வார்த்தையிலதான் மொத்த விஷயமும் இருக்கு. ரெக்கார்டிங்க மட்டும் குடுக்க போன ஆள் அந்த ரெண்டு வார்த்தையில வரியையும் மெட்டையும் சேத்து குடுத்துட்டு வந்துருவார். நாளைக்கு அதே பாட்ட வேற குரல்ல, வேற அரேஞ்ச்மென்ட்ல திரும்ப பதிவு பண்ணணும்னா கூட சொந்த பாட்டுக்கு கம்பெனிகிட்ட போய் நிக்கணும்.

சட்டம் இதுல நம்ம பக்கம் கொஞ்சம் நிக்குது, அது நிறைய பேருக்கு தெரியாது. உரிமைய குடுக்கணும்னா எழுத்துல இருக்கணும், கையெழுத்து இருக்கணும், போன்ல சரி சொன்னதெல்லாம் செல்லாது. எத்தன வருஷம்னு எழுதலைனா 5 வருஷம்னு கணக்கு. எந்த நாட்டுக்குனு எழுதலைனா இந்தியாவுக்கு மட்டும்னு கணக்கு. வாங்கினவர் ஒரு வருஷத்துக்குள்ள அந்த உரிமைய பயன்படுத்தலைனா, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதி இருந்தா ஒழிய, அது தானா காலாவதி ஆயிரும், அதனால வாங்கி பெட்டியில பூட்டி வச்ச பாட்டெல்லாம் திரும்ப கிட்ட வாய்ப்பு இருக்கு, உங்க பழைய பத்திரத்த எடுத்து ஒருக்கா படிச்சுப் பாருங்க.

எல்லாத்தையும் விட பெரிய விஷயம் 2012ல காப்புரிமை சட்டத்துல வந்த திருத்தம். வரி எழுதினவரும் மெட்டு போட்டவரும் உரிமைய யாருக்கு எழுதிக் குடுத்தாலும், அந்தப் பாட்டு பயன்படுறப்ப வர்ற ராயல்டியில வாங்கினவரோட சரிசமமா பங்கு கேக்குற உரிமைய விட்டுக் குடுக்கவே முடியாது. நீங்களே விரும்பி விட்டுக்குடுத்தேன்னு கையெழுத்து போட்டாலும் அந்த ஷரத்து செல்லாது. வாரிசுக்கு குடுக்கலாம், காப்புரிமை சங்கத்துக்கு குடுக்கலாம், வேற யாருக்கும் முடியாது. இது சினிமா பாட்டுக்கு மட்டும்னு ஒரு நினைப்பு நம்ம ஊர்ல இருக்கு. அப்படி இல்ல, சினிமாவுல வராத தனி ஆல்பத்துக்கும் சேத்துதான் சட்டம் சொல்லுது. அப்ப கம்பெனிக்கு எழுதிக் குடுத்த கிறிஸ்மஸ் பாட்டு வரைக்கும் இது வரும்.

ஆனா உரிமை இருக்குறது வேற, பைசா வீடு வந்து சேருறது வேற. ரேடியோவும் டிவியும் ஆப்பும் ஹோட்டலும் ஒவ்வொருத்தரா தேடி வந்து தக்கலையில இருக்குற பாட்டாசிரியருக்கு பங்கு குடுக்க மாட்டாங்க. அந்தப் பைசாவ வசூல் பண்ணி பிரிச்சுக் குடுக்கத்தான் காப்புரிமை சங்கம். வரிக்கும் மெட்டுக்கும் இந்தியாவுல ஐபிஆர்எஸ், 1969ல தொடங்கினது, தலைமை ஆபீஸ் மும்பை, 2017ல மறுபடி அரசு பதிவு வாங்கினது. பாடகர்களுக்கு இஸ்ரானு 2013ல பதிவான சங்கம், அது இப்ப வாத்தியக் கலைஞர்களையும் சேத்து இசாம்ரா ஆயிருக்கு. உறுப்பினரா இல்லாதவனுக்க பங்கு சங்கத்துல இருந்து அவன் வீட்டுக்கு வழி தெரியாம கெடக்கும், அவ்வளவுதான்.

இங்க ஒரு வரிசை முக்கியம், பலரும் இத தலைகீழா செய்யுதாங்க. முதல்ல ஐபிஆர்எஸ்ல சேரணும், பிறகு கம்பெனிகிட்ட கையெழுத்து போடணும். ஏன்னா சேரும்போதே பொது நிகழ்ச்சி உரிமை மாதிரி சில உரிமைகள சங்கத்துக்கு எழுதிக் குடுப்போம். ஏற்கனவே அங்க குடுத்தத பிறகு வர்ற கம்பெனிக்கு குடுக்க நம்மகிட்ட இருக்காதுல்லா, ஐபிஆர்எஸ்ல இருக்குறது போக மிச்சம்னு அக்ரிமென்ட்ல ஒரு வரி சேருங்கனு கேக்க ஒரு காரணமும் ஆச்சு. இதுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கு, சேந்த பிறகு நம்மளுக்க பாட்டா இருந்தாலும் அந்த உரிமைய நம்ம இஷ்டத்துக்கு தனியா வித்துட முடியாது. சின்ன டீமுக்கு அது நஷ்டமா எனக்கு தோணல, ஏன்னா தனியா விக்க எவனும் க்யூவுல நிக்கல.

மொத்தமா குடுக்குறது யாருக்குமே ஆகாதுனு நான் சொல்ல வரல. பாட்டு எழுதி ஒரு தடவை பைசா வாங்கினா போதும், யூடியூப் சேனல் பாக்கவோ கணக்கு பாக்கவோ ஆள் இல்ல, ஸ்டுடியோ கடன் நிக்குதுங்கிறவங்களுக்கு இது சரிதான். அப்பவும் அந்த "இலக்கிய, இசை"ய அடிச்சிட்டு ஒலிப்பதிவு உரிமை மட்டும்னு மாத்தி கேளுங்க. மாத்தவே மாட்டோம்னா, தொகைய மூணு சொத்துக்கும் சேத்து ஏத்திக் கேளுங்க. ஒரு வீட்டு வாடகைக்கு பேசிட்டு பத்திரத்தோட வீட்டையே எழுதிக் குடுக்குறவன் நம்மளத் தவிர யாரு இருக்கா?

ரெண்டாவது வழி, ரெக்கார்டிங்க மட்டும் சில வருஷத்துக்கு லைசென்ஸ் குடுக்குறது. சொத்து நம்ம பேர்லயே இருக்கும், கம்பெனி 3 வருஷமோ 5 வருஷமோ போட்டு சம்பாதிக்கும், வர்றதுல ஒரு சதவீதம் நமக்கு. கேக்க நல்லா இருக்கு, எனக்கும் கொள்கையளவுல இதுதான் புடிக்கும். ஆனா நடைமுறையில ரெண்டு இடத்துல இடிக்கும். ஒண்ணு, கணக்கு. எத்தன பேரு கேட்டாங்க, எவ்வளவு வந்துச்சுனு ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்டேட்மென்ட் தரணும்னு எழுதலைனா, சதவீதம் வெறும் பேச்சுதான், முதல் வருஷம் தருவாங்க, பிறகு போன் எடுக்க மாட்டாங்க. இன்னொண்ணு, நம்மளுக்க சேனல். ஒரே பாட்டு வேற வீடியோவுல வந்தா தானா கண்டுபிடிக்கிற யூடியூபோட மெஷின் பேரு கன்டென்ட் ஐடி, கம்பெனி பாட்ட அதுல ஏத்திருச்சுனா, அதே பாட்ட நீங்க மேடையில பாடி உங்க சேனல்ல போட்டாலும் இது எங்க பாட்டுனு க்ளெய்ம் வர வாய்ப்பு உண்டு. எழுதினது நீங்க, பாடினது நீங்க, விளம்பர பைசா அங்க போகும். அதனால எங்க சேனல விதிவிலக்கு பட்டியல்ல சேக்கணும்னு ஒரு வரி, வருஷம் முடிஞ்சா எல்லா தளத்துல இருந்தும் எடுத்துரணும்னு ஒரு வரி, இது ரெண்டும் இல்லாத லைசென்ஸ் முதல் வழிய விட பெருசா மேல் கிடையாது. டிடிஎஸ் 10 சதவீதம் பிடிச்சா அதுக்க சர்ட்டிபிகேட்டையும் கேட்டு வாங்கிக்கிடுங்க, வருமான வரி கட்டாதவங்களுக்கு ரிட்டர்ன் போட்டா அது திரும்ப கிட்டும்.

மூணாவது, நாமளே போடுறது. இங்கதான் கற்பனையும் அதிகம், தப்பு கணக்கும் அதிகம்.

யூடியூப்ல விளம்பர வருமானம் வரணும்னா 1000 சப்ஸ்க்ரைபர், கடைசி 12 மாசத்துல 4000 மணி நேரம் பாத்திருக்கணும், இல்லைனா 90 நாள்ல ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூ. 500 சப்ஸ்க்ரைபர்லயே சேத்துக்கிடுவாங்கனு சிலர் சொல்லுதாங்க, உண்மைதான், ஆனா அந்தப் படியில ரசிகர்கள் நேரடியா குடுக்குற பைசா மட்டும்தான், விளம்பர பங்கு கிடையாது. அஞ்சு நிமிஷ பாட்டுக்கு 4000 மணி நேரம்னா முழுசா கேட்டாலே 48,000 தடவை ஓடணும். வருஷத்துக்கு ஒரு கிறிஸ்மஸ் பாட்டு போடுற டீமுக்கு அது பெரிய மலை. மாசாமாசம் வில்லுப்பாட்டு முழுக் கதை போடுற சேனலுக்கு அது மேடே இல்ல, ஏன்னா ராத்திரி முழுக்க ஓடுற கதைய ஆளு ரெண்டு மணி நேரம் உக்காந்து கேக்கும், கல்ஃப்ல இருக்கவங்க டூட்டி முடிஞ்சு வந்து ஊர் நினைப்புல போட்டு விட்டுட்டு சமைப்பாங்க. பாட்டு சின்னதா பெருசாங்கிறதே இங்க முடிவ மாத்துது.

ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், ஆப்பிள் மியூசிக்குக்கு போகணும்னா நேரா போக முடியாது, நடுவுல ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேணும். இதுல மூணு மாதிரி கணக்கு இருக்கு. டிஸ்ட்ரோகிட் வருஷச் சந்தா, ராயல்டியில கை வைக்க மாட்டான், ஆனா சந்தா கட்டாம விட்டா பாட்டு இறங்கிரும். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒரு தடவை கட்டணம், 9 சதவீதம் எடுத்துக்கிடுவான், பாட்டு அங்கேயே கெடக்கும். ரவுட்நோட்ல காசு கட்டாம போடலாம், 15 சதவீதம் அவனுக்கு. நம்ம மாதிரி வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு போட்டுட்டு மறந்துர்ற ஆளுகளுக்கு வருஷச் சந்தா ஒத்து வராது, மூணாவது வருஷம் கார்டு காலாவதி ஆகி பாட்டு காணாம போயிரும். காசு கட்டாம ஏத்துறதோ, ஒரு தடவை கட்டுறதோதான் நமக்கு பொருத்தம்னு என் அபிப்பிராயம். ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 12 மாசத்துல 1000 தடவை ஓடலைனா அதுக்கு ராயல்டியே கிடையாதுனு 2024ல இருந்து விதி. அதனால அங்க போடுறது இப்போதைக்கு விலாசத்துக்குத்தான், வருமானத்துக்கு கிடையாது. டாலர்ல வர்றதால அமெரிக்க வரி ஃபார்ம் ஒண்ணு நிரப்பச் சொல்லுவான், பயப்படாண்டாம், பான் நம்பர போட்டு முடிச்சிரலாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூலமா நாமளே கன்டென்ட் ஐடியில ஏறலாம், சிலர் அதுக்கு தனிக் கட்டணமும் பங்கும் கேப்பாங்க. இதுல நம்ம ஸ்டுடியோக்காரங்க கவனிக்காத ஒரு இடம் இருக்கு. பாட்டுல நெட்டுல இறக்கின லூப்பு, பத்து பேரு வாங்கி போடுற அதே டிரம் சாம்பிள், காசில்லாம கிட்டுற பீட்டு இதெல்லாம் தெளிவா முன்னுக்கு நின்னா கன்டென்ட் ஐடிக்கு அந்தப் பாட்டு தகுதியே கிடையாது, ஏன்னா அது உங்களுக்கு மட்டும் உள்ள சத்தம் இல்ல. ஏத்துனா என்ன ஆகும்னா, அதே லூப்ப வச்ச வேற ஒருத்தன் பாட்டு மேல உங்க பேர்ல க்ளெய்ம் போகும், அவன் கேள்வி கேப்பான், கடைசியில உங்க கணக்குதான் முடங்கும். கீபோர்டுல ஸ்டைல் போட்டு அதுமேல ரெண்டு கை வாசிச்சு முடிக்கிற பாட்டுக்காரங்க இத ஒருக்கா யோசிங்க. ஒரு உடுக்கும் ஒரு கடமும் உண்மையா வாசிச்சு பதிஞ்சா சத்தமும் நல்லா இருக்கும், இந்த தொல்லையும் இல்ல.

பழைய கீர்த்தனை பாடிப் போட்டவங்களுக்கும் க்ளெய்ம் வருது. கீர்த்தனை பொதுச் சொத்து, ஆனா ஏதோ ஒரு கம்பெனி ரெக்கார்டிங்கோட மெட்டு ஒத்துப் போகுதுனு மெஷின் பிடிக்கும். அந்த ஸ்க்ரீன்ல டிஸ்ப்யூட்னு ஒரு பட்டன் இருக்கும், அதுல பாட்டு பொதுச் சொத்துங்கிறத தேர்ந்தெடுத்து, எழுதினவர் பேரு, இறந்த வருஷம், இந்த ரெக்கார்டிங் நாங்களே பதிஞ்சதுனு ரெண்டு வரி எழுதணும். எதிர்த்தரப்புக்கு 30 நாள், அதுக்குள்ள பதில் சொல்லலைனா க்ளெய்ம் தானா போயிரும். க்ளெய்ம் வந்தா சேனல் போச்சுனு வீடியோவ டெலிட் பண்ணுதவங்க இருக்காங்க, க்ளெய்ம் வேற ஸ்ட்ரைக் வேற, ஸ்ட்ரைக்னா வீடியோவ எடுக்கச் சொல்லி புகார் வந்து சேனலுக்கு விழுற எச்சரிக்கை, மூணு ஸ்ட்ரைக் 90 நாளைக்குள்ள வந்தாதான் சேனலுக்கு ஆபத்து.

சரி, மேடைக்கு வருவோம், நம்ம மாவட்டத்து ஆளுக்கு உண்மையான வருமானம் அங்கதான. 2017ல அமெரிக்க கச்சேரி நேரத்துல அனுமதி இல்லாம தன் பாட்ட மேடையில பாடக் கூடாதுனு இளையராஜா தரப்புல இருந்து எஸ்பிபிக்கு நோட்டீஸ் போனப்ப நம்ம மெல்லிசை ட்ரூப்காரங்க எல்லாரும் ஒரு வாரம் அதத்தான் பேசினாங்க, நாளைக்கு நமக்கும் வருமோனு. பொது மேடையில ஒரு பாட்ட பாட வரிக்கும் மெட்டுக்கும் அனுமதி வேணும், அத வாங்க வேண்டியது வழக்கமா நிகழ்ச்சி நடத்துறவர், மேடையில பாடுற ட்ரூப்பு கிடையாது. இடத்த வாடகைக்கு விட்டு லாபம் பாக்குற ஹால்காரருக்கும் பொறுப்பு உண்டு. பேண்ட் நேரடியா வாசிச்சு பாடினா ஐபிஆர்எஸ் லைசென்ஸ் ஒண்ணுதான் கேள்வி. டிஜே வச்சாலோ ஒரிஜினல் பாட்ட அப்படியே ஓட விட்டாலோ ரெக்கார்டிங் உரிமையும் சேரும், அதுக்கு ரெக்கார்டிங்குக்கு லைசென்ஸ் குடுக்குற பிபிஎல் மாதிரி வேற கம்பெனிகிட்ட போகணும். அந்த ரெக்கார்டிங் பக்கத்துல ஒரு பெரிய சட்டச் சண்டை ஓடிட்டிருக்கு, அரசு பதிவு பெற்ற சங்கம் இல்லாத கம்பெனி லைசென்ஸ் குடுக்குற தொழில் பண்ண முடியாதுனு 2021 டிசம்பர்ல சென்னை ஐகோர்ட் சொல்லிச்சு, பாம்பே ஐகோர்ட் 2024 ஜனவரியில நேர்மாறா சொல்லிச்சு. அதனால லைசென்ஸ்னு யாராவது பைசா கேட்டு வந்தா நீங்க பதிவு பெற்ற சங்கமா, எந்தெந்த பாட்டு உங்ககிட்ட இருக்குனு கேளுங்க, கேக்குறது ஒண்ணும் தப்பு கிடையாது.

கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் லைசென்ஸ் வேணுமானு எல்லாரும் கேக்காங்க. உண்மையான மதச் சடங்குல பாடுறதுக்கும் வாசிக்கிறதுக்கும் விலக்கு சட்டத்துலயே இருக்கு, கல்யாண ஊர்வலமும் அத ஒட்டின விருந்தும் அதுல சேரும். 2023 ஜூலையில மத்திய அரசு இத ஞாபகப்படுத்தி ஒரு அறிவிப்பும் குடுத்துச்சு. அமெச்சூர் குழு டிக்கெட் இல்லாம பாடினாலும், இல்ல ஒரு மத நிறுவனத்துக்கு உதவியா பாடினாலும் விலக்கு. அப்ப சபை கொயர் பாடுறதுக்கு கவலையே இல்ல. சாமி முன்னால வில்லடிக்கிறதும் சடங்குலதான் வரும்னு நான் நினைக்கேன், கதை கேக்காம சாமி ஆடாதுல்லா. ஆனா எட்டாம் திருவிழா ராத்திரி லட்ச ரூவா பேசி ட்ரூப்ப இறக்கி சினிமா பாட்டா பாட விடுறது சடங்குனு அடிச்சு சொல்ல முடியாது, ட்ரூப்பு அமெச்சூரும் கிடையாது. அதுக்கு கமிட்டி லைசென்ஸ் எடுத்துக்கிடுறதுதான் நிம்மதி, பந்தலுக்கும் லைட்டுக்கும் ஆகுற செலவோட அதையும் ஒரு வரியா எழுதிக்கிட வேண்டியதுதான்.

சொந்தப் பாட்டுக்காரங்களுக்கு இதுல ஒரு லாபம் இருக்கு. லைசென்ஸ் எடுத்த நிகழ்ச்சியில என்னென்ன பாட்டு பாடினாங்கனு பட்டியல் சங்கத்துக்கு போகணும், அத வச்சுத்தான் பங்கு பிரிப்பாங்க. நீங்க உறுப்பினரா இருந்து உங்க சொந்தப் பாட்டு அந்த பட்டியல்ல இருந்தா அதுல உங்களுக்கும் வரும். நம்ம ஊர்ல பட்டியல் குடுக்குற பழக்கமே இல்ல, கடைசியில நம்ம மேடையில வசூலான பைசா நம்ம பாட்ட கணக்குல எடுக்காமலே பிரிஞ்சு போகும். எனக்கு எரிச்சல் வர்ற இடம் இதுதான்.

வில்லுப்பாட்டுக் குழுக்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு சொல்லணும். பழைய ஏட்டுக் கதை பொதுச் சொத்துதான், ஆனா அன்னைக்கு மேடையில புலவர் பாடுற விதம், எடுத்து விடுற புது வரி, குழு வாசிக்கிறது, இதுக்கெல்லாம் கலைஞர் உரிமை இருக்கு. சட்டத்துல கலைஞர்னு வர்ற பட்டியல்ல பாம்பாட்டியும் வித்தை காட்டுறவனும் வரைக்கும் இருக்கான்னா வில்லடிக்கிறவர் இல்லாம போவாரா. அவர் சம்மதம் இல்லாம பதிவு பண்ணி வெளியிட முடியாது. இப்ப நடக்குறது என்னன்னா, கொடைக்கு வந்தவன் ஸ்டாண்டுல போன வச்சு முழுக் கதையையும் பிடிச்சு அவனுக்க சேனல்ல போட்டு லட்சக்கணக்குல வியூ பாக்கான், புலவருக்கு அன்னைக்கு பேசின சம்பளத்தோட சரி. பேச்சு முடிக்கும்போதே, பதிவு பண்ணினா எங்க சேனல்ல மட்டும், இல்லைனா பாதிப் பங்குனு கமிட்டிகிட்ட ஒரு துண்டு பேப்பர்ல எழுதி வாங்குங்க. வில்லுக் குழுவுக்கு என் ஓட்டு சந்தேகமே இல்லாம மூணாவது வழிக்குத்தான்.

வருஷத்துக்கு ஒரு ஆல்பம் போடுற சபை டீமுக்கு ரெண்டாவது வழி கிட்டினா ரெண்டாவது, கிட்டலைனா மூணாவது, வருமானம்னு எதிர்பாக்காம. ட்ரூப்புல வாசிச்சிட்டு நடுவுல சொந்தப் பாட்டும் பண்ணுறவங்க முதல்ல ஐபிஆர்எஸ், மத்தது பிறகு. கம்பெனிக்கு ஆர்டர் எடுத்து மாசத்துக்கு பத்து பாட்டு மெட்டு போட்டுக் குடுக்குறவர் முதல் வழியில தொழில் பண்ணலாம், ஆனா அந்த சரிசம பங்குக்கு சங்கத்துல பேர் இருக்கணும், இல்லைனா பத்து வருஷம் கழிச்சு ஒரு பாட்டு ஊரெல்லாம் ஓடும்போ வேடிக்கை பாக்க வேண்டியது வரும்.

காப்புரிமை பதிவு பண்ணணுமானும் கேப்பாங்க. கட்டாயம் இல்ல, பாட்டு உருவான நேரமே உரிமை வந்தாச்சு. பதிவு பண்ணினா கோர்ட்ல முதல் ஆதாரமா எடுத்துக்கிடுவாங்க. வரிக்கு 500 ரூவா, மெட்டுக்கு 500, ரெக்கார்டிங்குக்கு 2000, ஆன்லைன்லயே போடலாம், யாராவது ஆட்சேபம் சொல்ல 30 நாள் விடுவாங்க. எட்டு பாட்டுக்கும் மூணையும் பதிவு பண்ணா 24,000 ஆயிரும், அது சின்ன டீமுக்கு ஓவர். ஓடும்னு நம்பிக்கை உள்ள ஒரு பாட்டுக்கு வரியும் மெட்டும் மட்டும் பதிஞ்சா 1000 ரூவாயில முடியும். மத்ததுக்கு ப்ராஜெக்ட் ஃபைல், முதல்ல ஹம் பண்ணி அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ், தேதியோட உள்ள மெயில் இதெல்லாம் அழிக்காம வச்சிருங்க.

எந்த வழிக்கு போனாலும் அதுக்கு முன்னாடி டீமுக்குள்ள ஒரு பேப்பர் எழுதணும், நம்ம ஆளுக பிடிக்காத வேலை இதுதான், அண்ணன் தம்பிக்குள்ள என்ன எழுத்துனு சொல்லுவாங்க. பாட்டு பேரு, வரி யாரு, மெட்டு யாரு, ஆளுக்கு எத்தன சதவீதம், ரெக்கார்டிங் செலவு யாரு போட்டா, பாடினவருக்கு மொத்தமா குடுத்தாச்சா பங்கு உண்டா, சேனல் பாஸ்வேர்டு யார்கிட்ட, ஒருத்தர் வெளிநாடு போயிட்டா யாரு கையெழுத்து போடுவா. ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் போதும். மிக்ஸிங்குக்கு ஃபைல் அனுப்புற அன்னைக்கே எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டு ஆளுக்கொரு காப்பி போட்டோ எடுத்து வச்சிக்கிடுங்க, ஏன்னா ஐபிஆர்எஸ்ல பாட்ட பதியும்போதும் டிஸ்ட்ரிபியூட்டர்ல ஏத்தும்போதும் அவங்க முதல்ல கேக்குறது இந்த சதவீதத்ததான், ரெண்டு பேரு ரெண்டு கணக்கு குடுத்தா பைசா அங்கேயே நின்னுரும்.